ஒர்க்குக்கும் வேர்வைக்கும் சம்பந்தம் இல்லீங்க

சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறேன். போன வாரம் புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் போர்டுல எழுதறான், "வேர்க்க வேர்க்க செய்றதால ஒர்க்"னு, அதாவது இங்கிலீஷ் work நம்ம தமிழ் வேர்வைலேர்ந்து வந்துச்சாம். சிரிப்பு வரல, வயித்தெரிச்சல்தான், ஏன்னா பல வருஷம் முன்னாடி இதே வரிய அச்சடிச்சு வித்தவன் நான். ஸ்பெல்லிங், உச்சரிப்பு தப்பெல்லாம் போகப்போக சரியாயிடும், அத விடுங்க.

காதுக்கு ஒத்து வந்தா சொந்தம்னு முடிவு கட்டறது

என்னோட கையேடு 500 காப்பி. முதல் நாளே ஒரு பொண்ணு கேட்டுச்சு, "சார், ஜெர்மன்லயும் வெர்க், டச்சுலயும் வெர்க், அந்தக் குளிர்ல அவங்களுக்கு எப்படி சார் வேர்த்துச்சு?" பதிலே இல்ல. ராத்திரி முழுக்க உக்காந்து 500 காப்பிலயும் வெள்ளைப் பேப்பர் வெட்டி ஒட்டினோம், பசை காசு தனி.

நான் பண்ண தப்பு, இன்னிக்கு இருக்கற உருவத்த வச்சு ஒப்பிட்டது. ஆயிரம் வருஷம் முந்தின இங்கிலீஷ்ல அது 'வெயொர்க்'. கிரேக்கத்துல வேலைக்கு 'எர்கோன்', முன்னாடி இருந்த வகரம் உதிர்ந்துபோச்சு, ஆனா சில வட்டாரக் கல்வெட்டுல அது அப்படியே நிக்குது. அங்க மெல்லிசா வர்ற ககரம் இங்கிலீஷ்ல அழுத்தமா வரும், இந்த ஒரு சொல்லுல மட்டும் இல்ல, லத்தீன்ல 'அகெர்'னு இருக்கறது இங்கிலீஷ்ல ஏக்கர்னு இருக்கறதும் இதே கணக்குதான், இப்படி வரிசையா பல சொல்லுல ஒரே மாதிரி மாறினாத்தான் அது உறவு. எனர்ஜி இந்தக் குடும்பம். சர்ஜரின்னா கை வேலை. ஜார்ஜ்ங்கற பேருக்கு மண்ணுல வேலை செய்றவன், அதாவது விவசாயின்னு அர்த்தம். எதுலயும் வேர்வை இல்ல.

தமிழ்லேர்ந்து இங்கிலீஷுக்கு சொல் போகவே இல்லையான்னா, போச்சு. சுருட்டு செரூட் ஆச்சு, கட்டுமரம் கேட்டமரான் ஆச்சு. வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து அந்தப் பொருளப் பாத்தான், பேரையும் சேத்து எடுத்துட்டுப் போனான். வேலைங்கறதுக்கு சொல் கடன் வாங்க அவன் இவ்ளோ தூரம் வரணுமா?

ராட் அயர்ன் (wrought iron)

ராட்ங்கறது ஒர்க்கோட பழைய இறந்தகாலம். அடிச்சு வேலை செஞ்ச இரும்பு, அவ்ளோதான்.

ப்ளேரைட்

நாடகாசிரியர். இதுல வர்ற ரைட் (wright) எழுதறவன் இல்ல, செய்றவன், இதுவும் ஒர்க் குடும்பம்தான். கப்பல் கட்டற ஷிப்ரைட் என்ன கப்பலயா எழுதறான்?