கணினி வெப்பநிலைக் கண்காணிப்பு தானாகத் தொடங்க: நீங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலிடெக்னிக் முடித்துவிட்டு எங்கள் கடைக்கு வேலை பழக வந்திருக்கும் பையன், போன வாரம் ஒரு சிஸ்டத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினான். வெப்பநிலை காட்டும் மென்பொருளின் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்டான். ரீஸ்டார்ட் செய்தான். எதுவும் வரவில்லை. மறுபடி ரீஸ்டார்ட். கடைசியில், "அண்ணே, சாஃப்ட்வேர் கரப்ட் ஆயிடுச்சு போல" என்றான். நான் தொழில் பழகிய நாளில் இதையேதான் சொன்னேன். சாஃப்ட்வேர் நன்றாகத்தான் இருந்தது.

மென்பொருளை நிறுவ மறப்பது, ஸ்பீக்கரை மியூட்டில் போட்டுவிட்டு அலாரம் அடிக்கவில்லை என்பது மாதிரியானவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரே நாளில் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்து, ஒரு நாள் காலை வாரிவிடும் தவறுகள்தான் முக்கியம். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசி வெயிலில் சிமெண்ட் ஷீட் போட்ட ஆபீஸ் அறை அடுப்பாகக் கொதிக்கும். நெல் அரவை நடக்கும் இடம் என்றால் தவிட்டுத் தூசி, சிபியுவின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கை ஒரே சீசனில் அடைத்துவிடும். இந்த ஊரில் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரை நம்புவது

சிபியு, மதர்போர்டு சென்சார்களைப் படிக்க இந்த மென்பொருள்கள் விண்டோஸின் உள்மையமான கெர்னலில், வன்பொருளோடு பேசும் ஒரு டிரைவரை ஏற்ற வேண்டும். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவை. அந்த உரிமை கேட்கும் மென்பொருளை ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலோ ரிஜிஸ்ட்ரியின் ரன் பகுதியிலோ போட்டு வைத்தால் விண்டோஸ் அதைத் தானாகத் தொடங்க விடாது. விஸ்டாவில் யூஏசி, அதாவது அட்மின் உரிமை தருவதற்கு முன் உங்களிடம் அனுமதி கேட்கும் பாதுகாப்பு, வந்த நாளிலிருந்து இப்படித்தான். இப்போதைய விண்டோஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழைச் செய்தியைத் தேடினாலும் கிடைக்காது.

சிலர் இதற்காக யூஏசியையே அணைத்துவிடுகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை அது. புரோகிராம்களைத் தானாகத் தொடங்கி வைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் புது டாஸ்க் உருவாக்கி, 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதில் டிக் போட்டு, எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரை 'அட் லாக் ஆன்' என்று வைத்தால் யூஏசி கேள்வி கேட்காமலே தொடங்கும். அந்தப் பையனுக்கும் இதைத்தான் காட்டினேன்.

பவர் கண்டிஷனைப் பாதி பார்த்துவிட்டு ஓகே கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலை. நெல் வரவு, அரவைக் கணக்கு, தவிடு, உமி விற்பனை எல்லாம் ஆபீஸில் இருந்த ஒரே கணினியில். அதன் ஹார்ட் டிஸ்க்குக்குக் காற்று தருவது கேபினெட்டின் முன்பக்க ஃபேன். தூசி ஏறி அது அடிக்கடி நின்றுவிடும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் 60 டிகிரி வரை ஓடும்படி செய்யப்பட்டவை. அதனால் 50-ஐத் தொட்டதுமே அலாரம் அடிக்கும்படி வைத்தேன். ஃபேன் வயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தும் பார்த்தேன். நன்றாக அடித்தது. முதலாளிக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி.

ஒன்றரை மாதம் கழித்து போன். டிஸ்க் போய்விட்டது, விண்டோஸே வரவில்லை. ஃபேன் நின்று எத்தனை நாளாயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை. அலாரம் அடிக்கவே இல்லை என்றார்கள். டேட்டா மீட்கக் கொடுத்து அனுப்பியதில் பாதிதான் தேறியது. மீதியைக் கணக்குப்பிள்ளை பழைய ரசீதுக் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார். வயதானவர், சர்க்கரை நோயாளி. அவர் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

மீண்டு வந்த ஃபைல்களில் கண்காணிப்பு மென்பொருளின் லாகும் (பதிவேடு) இருந்தது. ஒரு நாள் மதியத்தோடு அது நின்றிருந்தது. அதே நிமிஷத்தில் விண்டோஸ் ஈவன்ட் லாகில் கெர்னல்-பவர் 105, அதாவது மின்சாரம் வரும் வழி மாறியது என்ற பதிவு. கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் எடுக்க இரண்டு நிமிஷம் ஆகும். அதுவரை யூபிஎஸ் தாங்கும். அந்த யூபிஎஸ்ஸை நான்தான் யூஎஸ்பி வயர் போட்டுக் கணினியோடு இணைத்திருந்தேன். அப்படி இணைத்தால் விண்டோஸுக்கு அது பேட்டரி. டெஸ்க்டாப்பும் லேப்டாப் மாதிரியே 'நான் இப்போது பேட்டரியில் ஓடுகிறேன்' என்று நினைத்துக்கொள்ளும்.

டாஸ்க் ஷெட்யூலரின் கண்டிஷன்ஸ் பக்கத்தில் இரண்டு டிக்குகள் முன்கூட்டியே போட்டிருக்கும். மேலே இருப்பது 'ஏசி பவரில் (கரண்ட் லைனில்) இருந்தால் மட்டும் தொடங்கு'. அதற்குக் கீழே, சற்று உள்ளே தள்ளி, 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து'. மேலே இருந்ததை நான் எடுத்திருந்தேன். எடுத்ததும் கீழே இருந்தது மங்கிவிட்டது. மங்கிவிட்டால் செல்லாது என்று நினைத்துவிட்டேன். ஆனால் மங்கியிருந்தாலும் அந்த டிக் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. டாஸ்க்கை எக்ஸ்போர்ட் செய்து அந்த எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்தபோதுதான் புரிந்தது: 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்பதற்கு நேரே 'ட்ரூ' என்று நின்றது. அந்த இரண்டு நிமிஷத்தில் விண்டோஸ் கண்காணிப்பை நிறுத்திவிட்டது. கரண்ட் திரும்பி வந்தாலும் அது தானாக எழாது. அடுத்த லாகின் வரை காத்திருக்கும். ஆலைக் கணினியை யாரும் லாக் ஆஃப் செய்வதில்லை.

லேப்டாப்பில் ஓடும் பேக்கப் வேலைக்கு இந்த நிபந்தனை சரி, பேட்டரி மிச்சமாகும். கண்காணிப்புக்குச் சுத்தமாக ஒத்துவராது. கரண்ட் போய் அறையின் மின்விசிறியும் ஏசியும் நிற்கும் நேரத்தில்தான் கணினியின் சூட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அது விலகிக்கொள்கிறது.

ஆகவே முதலில் கீழே உள்ள டிக்கை எடுங்கள். அதற்குப் பிறகு மேலே உள்ளதை எடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். ஏற்கெனவே மேலே எடுத்துவிட்டீர்களென்றால் மறுபடி போட்டு, கீழே எடுத்து, திரும்ப மேலே எடுங்கள். முடித்ததும் யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். கண்காணிப்பு மென்பொருளின் ஐகான் திரையின் கீழ் ஓரத்தில் அப்படியே இருந்தால்தான் வேலை முடிந்தது. டெல்டாவில் கரண்ட் போகாத ஊர் இருந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடலாம்.

மூன்று நாள் வரம்பு

டாஸ்க் ஷெட்யூலரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து' என்ற டிக்கும் முன்கூட்டியே இருக்கும். தினமும் அணைக்கும் கணினியில் இது வெளியே தெரியாது. சிசிடிவி பதிவுக் கணினி, சம்பா அறுவடையில் இரவு பகலாக ஓடும் ஆலைக் கணினி என்றால் நான்காம் நாள் கண்காணிப்பு இருக்காது. எடுத்துவிடுங்கள்.

'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விடுவது

டாஸ்க்கில் மென்பொருளைக் குறிப்பிடும் இடத்தில் இந்தக் கட்டம் இருக்கும்; மென்பொருள் இருக்கும் ஃபோல்டரின் பாதையை அதில் கொடுங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் தங்கள் செட்டிங்ஸ் ஃபைலைக் கண்டுபிடிக்காது.

லாகின் இல்லாமலும் ஓடட்டும் என்று வைப்பது

ஓடும், ஆனால் ஐகானும் எச்சரிக்கைப் பெட்டியும் உங்கள் திரைக்கு வராது.

டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓட்டுவது

2025-இல் பலர் இந்தக் கேள்வியோடு கடைக்கு வந்தார்கள். நேற்று வரை தெரிந்த சிபியு வெப்பநிலை இன்று காலியாக இருக்கிறது, விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டர் எதையோ பிடித்தேன் என்கிறது. பிடித்தது வின்ரிங்0 என்ற டிரைவர். ஓபன் ஹார்டுவேர் மானிட்டர் போன்ற பல இலவச மென்பொருள்கள் அதை நம்பித்தான் இருந்தன. அதில் இருந்த ஓட்டை 2020-லேயே பதிவான ஒன்று. சாதாரண புரோகிராம் ஒன்று அதன் வழியாகக் கணினியின் அடிமடியில் கை வைக்க முடியும். டிஃபெண்டர் சொன்னது உண்மை. அதை அணைக்காமல், அந்த டிரைவரை விட்டு விலகிய புதிய பதிப்புக்கு மாறுங்கள். லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் அப்படி மாறிவிட்டது.

இரண்டு மென்பொருளை ஒன்றாகத் தொடங்குவது

ஒரே சென்சார் சிப்பிடம் இருவர் கேள்வி கேட்டால் பதில் குழம்பும். ஒன்று போதும்.

லினக்ஸில் எண்ணை நம்புவது

சென்சார்களைப் படிக்கும் எல்எம்-சென்சார்ஸ் மென்பொருளைப் போட்டுவிட்டு, எச்டபிள்யூமான்2 என்ற ஃபோல்டரிலிருந்து வெப்பநிலையைப் படிக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியில் எனேபிள் செய்துவிடுகிறார்கள். அந்த 2 நிலையானதில்லை. டிரைவர்கள் ஏறும் வரிசை மாறினால் நாளை அதுவே 3 ஆகலாம். ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபேன்கன்ட்ரோல் இதைச் சரிபார்த்து, மாறியிருந்தால் ஓட மறுத்துவிடும். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் அப்படிக் கேட்காது; சிபியு என்று நினைத்து வேறெதையோ படித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'நேம்' என்ற ஃபைல் இருக்கிறது. இன்டெல் சிபியுவுக்கு அதில் கோர்டெம்ப் என்றும் ஏஎம்டிக்கு கே10டெம்ப் என்றும் இருக்கும். அந்தப் பெயரைத் தேடிப் பிடிக்கும்படி எழுதுங்கள். கிடைக்கும் எண்ணை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 45000 என்றால் 45 டிகிரி.

ரீஸ்டார்ட்டில் மட்டும் சோதிப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. கெர்னலை டிஸ்க்கில் சேமித்துவிட்டுத்தான் உறங்குகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே முழுதாக அணைந்து எழும். 'அட் ஸ்டார்ட்அப்' ட்ரிகர் வைத்தவர்கள் ரீஸ்டார்ட் செய்து பார்த்துத் திருப்தியோடு போய்விடுகிறார்கள். மறுநாள் காலை கடை திறந்து பவர் பட்டனை அமுக்கினால் கண்காணிப்பு வருவதில்லை. 'அட் லாக் ஆன்' வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. எப்படியானாலும் சாயங்காலம் ஷட்டவுன் கொடுத்துவிட்டு, காலையில் போட்டுப் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் சிஸ்டத்தைக் கொடுங்கள். எங்கள் கடையில் இப்போது ஒரு ராத்திரி தங்காமல் எந்த சிஸ்டமும் வெளியே போவதில்லை.