நார்வேஜிய நீளச் சொற்களை எங்கே பிரிப்பது?

நார்வேஜிய மொழி படிப்பவர்களை மிரட்டுவது அதன் கூட்டுச்சொற்கள்தான். நீளத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்காதீர்கள். முதலில் சொல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள். நடுவில் வரும் எஸ் (s) அல்லது ஈ (e) எழுத்து பல நேரம் வெறும் ஒட்டுதான்: ஆர்பைட்ஸ் + ப்ளாஸ் (வேலையிடம்), பார்ணெ + ஹாகெ (மழலையர் பள்ளி).

அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லில்தான். இரண்டாம் சொல்லுக்கும் கொஞ்சம் அழுத்தம் உண்டு, ஆனால் குறைவு. இரண்டையும் சமமாக அழுத்தினால் தனித்தனிச் சொற்களாகக் காதில் விழும். அதனால் பொருளே மாறலாம். 'ரொய்க்ஃப்ரித்' சேர்ந்தால் 'புகை இல்லாத இடம்'. பிரித்தால் 'தாராளமாகப் புகை பிடி'! எழுதும்போதும் இடைவெளி விடக் கூடாது.

தவறாகப் பிரிக்கத் தூண்டும் சொற்களும் உண்டு. திராட்சைக்கான சொல் வீன் + ட்ரூயெ. அதில் 'வின்ட்' (காற்று) இருப்பதாக நினைத்துவிட்டால் முதல் உயிர் குறுகிவிடும். அங்கே 'வீ' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், 'புஸ்' முடிவில் இரண்டு எஸ், 'ஷொஃபோர்' தொடக்கத்தில் ஒன்று. சேர்த்து எழுதினால் (பேருந்து ஓட்டுநர்) இரண்டு எஸ் மட்டுமே நிற்கும். வரி முடிவில் உடைக்கும்போது மட்டும் மூன்றாவது எஸ் திரும்பி வரும்.

ஊர்ப்பெயர்களில் மட்டும் கவனம்: கிறிஸ்தியான்சான் என்பதில் அழுத்தம் கடைசி அசையில்.