கலையும் அறிவியலும் சேர்ந்த பட்டம், நடுவில் ஓராண்டு வெளிநாடு: பாலக்காட்டுச் சித்தூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவை எடுத்து, இரண்டாம் மொழியாகத் தமிழையும் படித்து, இரண்டில் எதையும் விட மனமில்லாத பிள்ளைகளைக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். இன்ஜினியரிங்கா, பி.ஏ.வா என்ற கேள்வியைத் தாண்டி ஊரில் யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. இரண்டையும் ஒரே பட்டத்தில் படிக்கவும், இடையில் ஓராண்டை வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கழிக்கவும் வழி உண்டு. லண்டனில் உள்ள யூ.சி.எல். (யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) 2012இல் தொடங்கிய கலை-அறிவியல் பட்டம் அத்தகையது. வெளிநாட்டு ஆண்டு இல்லையென்றால் அது மூன்றாண்டுப் படிப்பு. அந்த ஆண்டையும் சேர்த்தால் நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டை வெளியே படித்துவிட்டு நான்காம் ஆண்டுக்குத் திரும்பி வர வேண்டும், வேற்று மொழி ஒன்றையும் பாடமாகப் படிக்க வேண்டும்.

இத்தகைய பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் முதலில் வேண்டியது ஒரு கேள்வி. இயற்பியல் கொஞ்சம், வரலாறு கொஞ்சம் என்று பொறுக்கிக்கொண்டு போனால் நான்காண்டு முடிவில் கையில் எதுவும் தங்காது. ஒரே துறையால் விடை சொல்ல முடியாத கேள்வியைத் தேடி நம் தாலுகாவை விட்டு வெளியே போகத் தேவையில்லை. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தத் தண்ணீரை அளப்பது நீரியல். 1958 ஏன் தொடக்கமாயிற்று என்பது வரலாறு. குறைந்தால் யாரிடம் முறையிடுவது என்பது சட்டம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கையைத் தமிழும் மலையாளமும் பேசும் விவசாயி எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது மொழியியல். இப்படியொரு கேள்வி கையில் இருந்தால் எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

வெளிநாட்டு ஆண்டுக்கு நாட்டைத் தேர்வதிலும் அதே கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகள் பங்கிட்டுக்கொள்ளும் ரைன் ஆற்றுக்கு 1815 வியன்னா மாநாட்டிலேயே கப்பல் போக்குவரத்து ஆணையம் ஒன்று உருவாக்கப்பட்டது. அதன் நீரைத் தூய்மையாகக் காப்பதற்கான தனி ஆணையம் 1950இல் அமைந்தது. 1986இல் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே வேதிப்பொருள் கிடங்கு தீப்பற்றியபோது அந்த நஞ்சு கீழ்க்கரை நாடான நெதர்லாந்து வரை போயிற்று. மணக்கடவுக்குக் கீழே வாழ்கிற நமக்கு இந்தக் கதையைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவைப்படாது. எனவே உங்கள் பல்கலைக்கழகத்தின் கூட்டாளிப் பட்டியலில் நெதர்லாந்தோ ஜெர்மனியோ இருக்கிறதா என்று பாருங்கள். பாரிஸ் நன்றாக இருக்குமாம் என்று போவதைவிட இது பயன் தரும்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் யூகாஸ் இணையதளம் வழியாகப் போகும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம், பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரியில் கெடு முடியும். நமக்கோ பிளஸ் டூ தேர்வு மார்ச்சில்தான். ஆகவே எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைப் பள்ளி எழுதித் தர வேண்டியிருக்கும், இடமும் நிபந்தனையுடனேயே கிடைக்கும். இதில் கேரளப் பாடத்திட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் இறுதிக் கணக்கில் சேர்வதால், கணிப்புக்கு அதையே ஆதாரமாகக் காட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் எப்படி மதிக்கிறது என்பதை முன்னதாகவே மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

தன்விளக்கக் கட்டுரை இப்போது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இந்தப் படிப்பு ஏன், பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள்தான். முதலில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்று ஒரு மாணவி தொடங்கியிருந்தாள். அதை அடித்துவிட்டு, மூலத்தறை அணைக்கட்டில் தண்ணீர் திறக்கும் தேதியை அவள் அப்பா எந்தக் காலண்டரில், எந்த நிறப் பேனாவில் குறித்து வைக்கிறார் என்பதிலிருந்து தொடங்கச் சொன்னேன். அதன்பின் கட்டுரை தானாக நகர்ந்தது.

பலர் இடறி விழுவது படிப்பில் அல்ல, பெயரில். நம் வீடுகளில் தலைப்பெழுத்தை முன்னால் எழுதுவோம். கேரளப் பள்ளிப் பதிவேட்டில் அது பின்னால் போகும். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயரே ஏறியிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் "செல்வி எம்", பாஸ்போர்ட்டில் "செல்வி முருகேசன்" என்றிருந்தால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். பிளஸ் ஒன்னிலேயே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். சான்றிதழ்களுக்கு அத்தாட்சி கேட்கப்பட்டால் வெளிநாடு செல்லும் கேரளத்தவருக்கான அரசு நிறுவனமான நோர்கா ரூட்ஸ் அலுவலகத்தில் வாங்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதத்தைக் குடும்பம் போட வேண்டும். ஈடு என்றால் ஆதாரம் எனப்படும் நிலப் பத்திரம், வரி ரசீது, நிலம் உங்கள் கைவசம் இருப்பதாக வில்லேஜ் ஆபீஸ் தரும் கைவசாவகாச சர்ட்டிபிகேட், இங்கே பாத்யதா சர்ட்டிபிகேட் என்று சொல்லப்படும் வில்லங்கச் சான்று ஆகியவை தேவை. தோப்பு பொள்ளாச்சிப் பக்கம் இருந்து, பட்டாவும் சிட்டாவும் தமிழில் இருந்தால், கேரளத்துக் கிளை தயங்கக்கூடும். நிலம் இருக்கும் பக்கத்துக் கிளையை முதலிலேயே அணுகுவது நல்லது. விசாவுக்காகக் காட்டும் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். இடையில் ஒரே நாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். தேங்காய்க் கூலி கொடுக்க அந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள். இங்கிலாந்தின் மருத்துவ வரி மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு என்ற கணக்கில் விசாக்காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டியது. காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை.

வெளிநாட்டு ஆண்டு வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே நான்காண்டுப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள். விசா படிப்பின் நீளத்துக்கே தரப்படும் என்பதால், பிறகு மாறினால் நீட்டிப்புக்கு மறுபடியும் அலைய வேண்டும். மூன்றாம் ஆண்டு நெதர்லாந்து போவதற்குத் தனி அனுமதியும் தனிப் பணச் சான்றும் உண்டு. அந்த ஆண்டின் கட்டணம் எவ்வளவு, மதிப்பெண் பட்டத்தின் இறுதிக் கணக்கில் சேருமா, தேர்ச்சி மட்டும் போதுமா என்பதை முதலாண்டிலேயே துறையில் கேளுங்கள். ஐரோப்பாவில் முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு). எடுக்கப்போகும் பாடங்களை உங்கள் துறை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே விமானம் ஏறுங்கள்.

இவ்வளவு செலவு முடியாத குடும்பங்களுக்கு உள்ளூரிலும் வழி இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நடைமுறைக்கு வந்த நான்காண்டுப் பட்டத்தில் 133 கிரெடிட்டுடன் மூன்றாண்டில் வெளியேறலாம், 177 முடித்தால் ஹானர்ஸ். முதன்மைப் பாடத்துடன் வேறு துறைத் துணைப்பாடங்களையும் எடுக்க முடியும். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி, தகுதி பெற்ற நிறுவனங்கள் இரட்டையிணைப்பு முறையில் 30 சதவீதம் வரை கிரெடிட்டை வெளிநாட்டில் பெற அனுமதிக்கலாம். 177இல் அது ஏறத்தாழ 53. ஆனால் இதற்கு இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆகவே சேரும் முன் அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும், வெளிநாட்டு ஆண்டு முடிந்து அறையைக் காலி செய்வதற்கு முன்பே, அந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல் உங்கள் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பப்பட்டதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.