மலையகத்துல காலையில பைக் ஸ்டார்ட் ஆகலன்னா

லீவுக்கு ஊருக்கு வர்ற நம்மள்ல பாதிப்பேரு மாமா வீட்லயோ சித்தப்பா வீட்லயோ சும்மா நிக்கிற பைக்க எடுத்துத்தான் ஓடுறோம், பஸ்ஸுக்குக் காத்து நிக்காம அட்டன் டவுனுக்குப் போயிட்டு வரலாம், பொறந்த தோட்டத்த ஒருக்கா சுத்திப் பாக்கலாம்னு ஒரு ஆசை. ஆனா மொத நாள் காலையிலயே அது ஸ்டார்ட் ஆகாது. நான் தலவாக்கலைப் பக்கம், வர்ற ஒவ்வொரு தடவயும் இதோட மல்லுக்கட்டியிருக்கேன், அதான் தெரிஞ்சத எழுதுறேன்.

மொதல்ல, செல்ஃப் பட்டன விடாம அமுக்கிட்டே இருக்காதீங்க. 5 செக்கன் அமுக்குங்க, விடுங்க, கொஞ்சம் பொறுத்து திரும்பப் பாருங்க. மாசக்கணக்கா நின்ன பைக்ல பெட்டரி ஏற்கனவே பாதி செத்திருக்கும், குளிர்ல இன்னும் சோர்ந்து போயிரும், நீங்க அமுக்க அமுக்க மிச்சமும் போயிரும். கிக்கர் இருந்தா கிக்கர்லயே அடிங்க. அதுக்கு முன்னால ஹேண்டில்ல இருக்கிற, எஞ்சின நிறுத்துற செவப்பு சுவிச்சப் பாருங்க, வீட்டுப் பிள்ளைங்க பைக்ல ஏறி வெளையாடுறப்ப அத ஓஃப் பண்ணியிருப்பாங்க. கியர் நியூட்ரல்லயான்னு பாருங்க, ஸ்டாண்ட தூக்குங்க, கிளட்ச்ச புடிச்சிட்டு அடிங்க. சில பைக் ஸ்டாண்ட் எறங்கி இருந்தா ஸ்டார்ட்டே ஆகாது.

பெற்றோல் டேப் உள்ள பழைய பைக்னா அது மூடியிருக்கான்னு பாருங்க, பெற்றோல் கொறவா இருந்தா ரிசர்வுக்குத் திருப்புங்க. இன்னொண்ணு, நம்ம வீட்டு வாசலெல்லாம் சரிவுதானே, டேங்க்ல கொஞ்சமா பெற்றோல் இருக்கிறப்ப சரிவுல நிறுத்தினா அது டேப் இல்லாத பக்கமா ஒதுங்கிரும், சமமான எடத்துக்குத் தள்ளிட்டு வந்து அடிச்சுப் பாருங்க.

இனி காத்தையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்புரேட்டர் விசயம், இதுதான் மலையில ரொம்பப்பேர ஏமாத்துறது. நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், அங்க காத்து கடல்மட்டத்த விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கொறவு. கொழும்புல ட்யூன் பண்ணின பைக்க இங்க கொண்டு வந்தா காத்து பத்தாம பெற்றோல் கூடிரும், ப்ளக் கருத்துப் போயிரும். காலைக் குளிருக்கு சோக் (காத்தக் கொறைச்சு பெற்றோலக் கூட்டுற லீவர்) வேணும்தான், ஆனா முழுசா இழுத்து வச்சிட்டு இருபது தடவ அடிச்சீங்கன்னா பெற்றோல் எஞ்சினுக்குள்ள நெறஞ்சு ப்ளக் நனைஞ்சிரும், பெற்றோல் வாடை மூக்குல ஏறும். அப்ப சோக்க ஓஃப் பண்ணிட்டு பத்து நிமிசம் விடுங்க, பெறகு எக்ஸிலேட்டர முழுசா திருகிப் புடிச்சிட்டு ஏழெட்டுத் தடவ கிக்கர அடிங்க, புடிச்சதும் எக்ஸிலேட்டர விட்ருங்க.

கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் பைக்குக்கு ஒசரம் பிரச்சினை இல்ல, அது தானா அளவப் பாத்துக்கும். சாவி போட்டதும் டேங்க் பக்கம் 'ஸ்ஸ்ஸ்'னு ரெண்டு மூணு செக்கன் பெற்றோல் பம்ப் சத்தம் வருதான்னு கவனிங்க. வரலன்னா ஃபியூஸ், பெட்டரி, இல்லன்னா அந்த பம்ப்பே பழுதா இருக்கலாம்.

போன தடவ நானுஓயாவுல இருந்து எறங்கி வரும்போது நல்ல பனிமூட்டம், தூறல் வேற, பைக் ரெண்டு தடவ இருமிட்டு நின்னுருச்சு. பக்கத்து லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்து ஒரு பெரியவர் கொடையோட வந்து பாத்துட்டு, "தம்பி, அந்த ப்ளக் தொப்பியக் கழட்டி நல்லா தொடைங்க"ன்னாரு. உள்ள தண்ணி. அவரே தோள்ல கெடந்த துண்டக் குடுத்தாரு, தொடச்சு மாட்டினதும் ஒரே அடியில புடிச்சிருச்சு, பெறகு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தேத்தண்ணி குடிக்காம விடல. அன்னைலேந்து ஒரு காஞ்ச துணி, ப்ளக் ஸ்பேனர், ஒரு புது ப்ளக் மூணும் சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்.

தள்ளி ஸ்டார்ட் பண்றது நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. சாவிய போட்டு, ரெண்டாம் கியர், கிளட்ச்ச புடிச்சு எறக்கத்துல உருள விட்டு, வேகம் வந்ததும் கிளட்ச்ச விடுங்க. ஆனா வளைவுலயும் இருட்டுலயும் பனியிலயும் செய்யவே வேணாம், எஞ்சின் ஓடலன்னா சில பைக்ல ஹெட்லைட்டே எரியாது, எதுக்க வர்ற பஸ்காரனுக்கு உங்களத் தெரியாது. பெட்டரி முழுசா செத்த இன்ஜெக்ஷன் பைக் தள்ளினாலும் அநேகமா புடிக்காது. அப்ப ஒரு சின்ன பட்டா லொறி புடிச்சு கராஜுக்கு ஏத்திருங்க. விழுந்து அடிபட்டா 1990க்கு அடிங்க, அம்புலன்சுக்கு காசு இல்ல.

திரும்பிப் போற அன்னைக்கு அவசரத்துல அப்பிடியே விட்டுட்டுப் போகாதீங்க. பெற்றோல் டேப்ப மூடிட்டு, கார்புரேட்டர் அடியில இருக்கிற சின்ன ஸ்குரூவ லூசாக்கி பெற்றோல வடிச்சிட்டு திரும்ப இறுக்கிருங்க, இல்லன்னா அது பிசின் மாதிரி காஞ்சு சின்ன ஓட்டைய அடைச்சிரும். பெட்டரியோட மைனஸ் வயரக் கழட்டி வைங்க. வீட்ல யாராச்சும் ஓட்டுறவங்க இருந்தா இது ரெண்டும் வேணாம், வாரத்துக்கு ஒருக்கா டவுன் வரைக்கும் ஓட்டச் சொல்லி பெற்றோலுக்குக் காசு குடுத்துட்டு வாங்க.