அப்டேட்டை நிறுத்திய பேட்டரி

ஏற்காட்டில் மச்சானின் காபித் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஓடவே மறுத்தது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரும் பழைய வைரஸ் பட்டியலோடு நின்றுவிட்டது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்ததும் சந்தேகம் தட்டியது. திரையின் மூலையைப் பார்த்தேன். ஆண்டு 2019!

மலையில் கரண்ட் அடிக்கடி போகும். அப்போது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரிதான். அது செத்தால் தேதி பின்னால் போய்விடும். அப்டேட் சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் 2019-இல் இன்னும் பிறக்கவே இல்லையே, கம்ப்யூட்டர் எப்படி நம்பும்?

"காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா மாப்ள?" என்றார் மச்சான்.

"வேண்டாம் மச்சான், சேலத்திலிருந்து ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கிட்டு வாங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாற்றினேன். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் தேதியைத் திருத்தி, விண்டோஸிலும் நேரத்தைச் சரிசெய்தேன். முதலில் டிஃபெண்டரை அப்டேட் செய்தேன், அப்புறம் விண்டோஸை. மச்சானின் செல்போன் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு', அதாவது டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று வைத்திருந்ததால் பெரிய அப்டேட்டுகள் தானாக இறங்கவில்லை. அதை எடுத்துவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். டேட்டா தீர்ந்துபோனதில் மச்சானுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.