கூதிர்காலக் கொல்லைப் பறவைகள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் புதுக் கேமராவோடு எங்கள் கொல்லைக்கு வந்தான். மதில் ஓரத்துப் புதருக்குள் ஏதோ அசைந்தது. பத்து நிமிடம் குனிந்தும் எக்கியும் பார்த்தான், ஒரு படமும் தேறவில்லை. "அண்ணே, இந்தப் பொதரக் கொஞ்சம் வெட்டிவிட்டா குருவி நல்லாத் தெரியும்ல?" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் நின்று நானும் அதையேதான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அரிவாளையும் எடுத்தேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்ததுதான் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் இந்த இரண்டு மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் ஏரிக்கும் கடற்கரைக்கும் மட்டும் வருவதில்லை. கிணற்றடிக்கும் வாழை மறைவுக்கும் வருகின்றன. பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. கையில் கேமரா ஆடுவது, மெமரி கார்டு நிறைந்துபோவது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளுத்த வானத்தை நம்புதல்

மேகம் மூடிய நாளில் கிளை நுனியில் உட்கார்ந்த குருவியை அண்ணாந்து எடுத்தால் கரிக்கட்டைபோல வரும். பின்னால் இருக்கும் வெள்ளை வானத்தைக் கேமரா பெரிய வெளிச்சமாகக் கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்குகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டி வையுங்கள். வானம் வெந்து வெளுத்துப் போகட்டும், குருவியின் நிறம் கிடைத்தால் போதும்.

இன்னொன்று, கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வைக் கண்டு பயப்படாதீர்கள். மழைநாள் மர நிழலில் 400-இல் வைத்துக்கொண்டு எடுத்தால் எல்லாப் படமும் கலங்கித்தான் வரும். 3200 வரை தயங்காமல் போங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தில் குருவியை அடையாளம் காணலாம். கலங்கிய படத்தில் முடியாது.

படத்துக்காகக் கொல்லையைச் சுத்தம் செய்தல்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. கொல்லை பெரியதில்லை. ஒரு கிணறு, இரண்டு தென்னை, மாமரம் ஒன்று, பலா ஒன்று, மதில் ஓரம் ஆடாதோடையும் உன்னியும் பின்னி வளர்ந்த புதர். அதற்கடியில் பல வருடத்து மாவிலையும் பலாவிலையும் மட்கிக் கிடந்தன. அந்த மூலைக்கு மூன்று ஐப்பசி தொடர்ந்து ஆறுமணிக்குருவி வந்தது.

விடியலில் ஆறு மணி வாக்கிலும் அந்தியில் ஆறு மணி வாக்கிலும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். பொன்னுத்தொட்டான் என்றும் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சிறியது, வால் மிகக் குட்டை. பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணை மூடி ஓடும் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இத்தனை நிறம் உள்ள பறவை வெளிச்சத்துக்கே வராது. தரையில் சருகுக்குள் தத்தித் தத்திப் போய், இலையைப் புரட்டி, சட்டென்று அசையாமல் நின்றுவிடும்.

மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்தவை இரண்டே படங்கள். இரண்டிலும் உன்னிக் குச்சி முகத்தை மறைத்திருந்தது.

நான்காம் வருடம் புரட்டாசிக் கடைசியில், தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்த சமயம், கொல்லையையும் சுத்தம் செய்தேன். ஆடாதோடையை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். உன்னியை வேரோடு பிடுங்கினேன். சருகை ஏழெட்டுக் கூடை அள்ளிக் கொளுத்தினேன். வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்துப் பாசி படிந்த கிளை ஒன்றை நட்டேன். குருவி அதன்மேல் வந்து உட்காரும், பின்னணி ஒரே பச்சையாகக் கலங்கி நிற்கும் என்று மனதில் படமே ஓடியது. சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்தது, குருவி வரவில்லை. ஒரே ஓர் அந்தியில் இரண்டு தெரு தள்ளிக் குரல் கேட்டது. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் கொல்லைப் பக்கம். அங்கே பெருக்குவார் யாரும் இல்லை.

அந்த வருடம் எனக்கு விஷயம் புரியவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் பறவைகளின் எண்ணிக்கை குறைந்ததாகவே தெரியவில்லை. சின்னான் வந்தது, தேன்சிட்டு வந்தது, நட்டு வைத்த கிளையில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடித்தது. அழகான படங்களும் கிடைத்தன. மறுவருடம் பறவைகளைக் குறித்து வைத்த பழைய நோட்டுகளை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் பார்த்தேன். ஆறுமணிக்குருவி இல்லை. கொடிக்கால் வாலாட்டி இல்லை. மாமரத்தடியில் தினமும் மேய்ந்த குண்டுக்கரிச்சான் எப்போதாவதுதான் வந்தது. தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது, ஆனால் நிற்காமல் அடுத்த கொல்லைக்குத் தாவிப் போனது. காணாமல் போனவை எல்லாம் தரையில் பிழைப்பவை. கிளையில் பூவையும் பழத்தையும் பூச்சியையும் தேடுபவற்றுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவை வந்துகொண்டே இருந்ததால் என் கண் ஏமாந்தது.

சருகு குப்பை இல்லை. மழைக்காலத்தில் மண்புழு மேலே ஏறி வரும்போது அதற்குக் கூரை அதுதான். கறையான், வண்டின் புழு, நத்தை, மரவட்டை, சிள்வண்டு எல்லாம் அந்த ஈரத்தில்தான் இருக்கின்றன. அதை வாரிக் கொளுத்திவிட்டால் மிஞ்சுவது சேறு. ஒரு வெயில் அடித்தால் அதுவும் பொருக்குத் தட்டிவிடும். கொடிக்கால் வாலாட்டியின் பெயரையே பாருங்கள். வெற்றிலைக் கொடிக்காலின் நிழலும் ஈரமும் அதற்குப் பிடித்தமானவை என்று யாரோ கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது உடம்பைப் பக்கவாட்டில் அசைக்கும். சருகின்மேல் அது நடந்துபோவதை ஒருமுறை பார்த்தவர் துடைப்பத்தை எடுக்கவே யோசிப்பார்.

புதரும் அப்படித்தான். எங்கள் தெருவில் வல்லூறும் உண்டு, பூனையும் உண்டு. நெடுந்தூரம் பறந்து வந்த பறவை ஒளிய இடமில்லாத தரையில் இறங்கி மேயாது. நமக்குப் படம் தெளிவாகத் தெரிகிற இடத்தில் வல்லூறுக்கும் அது தெளிவாகத் தெரியும்.

சரிசெய்ய நான் செய்ததெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். பெருக்கிய இலையை அந்த மூலையிலேயே போட்டேன். ஆடாதோடை தானாகத் துளிர்த்தது. இரண்டு ஐப்பசி வெறுமனே போனது. மூன்றாவதில், அடைமழை விட்ட ஓர் அந்தியில், கிணற்றுக்குப் பின்னாலிருந்து அந்தச் சீழ்க்கை கேட்டது. அன்று நான் கேமராவைத் தொடவில்லை.

சருகு கிடந்தால் பாம்பு வரும் என்று வீட்டில் சொல்வார்கள். நியாயமான பயம். அதனால் வீட்டு வாசற்படியை ஒட்டி வேண்டாம். மதில் ஓரம் பத்தடிக்குப் பத்தடி விட்டால் போதும். இருட்டில் டார்ச் இல்லாமல் அங்கே போகாதீர்கள், வெறுங்காலோடு ஒருபோதும் போகாதீர்கள்.

படம் வேண்டுமானால் புதரைத் தொடாமல் வழி இருக்கிறது. குருவி தினமும் ஒரே தடத்தில்தான் மேயும். இரண்டு நாள் கேமரா இல்லாமல் தடத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் அதற்கு முன்பே போய், தரையோடு தரையாக உட்காருங்கள். ஒரு சிறு துணிப்பையில் உளுந்தை நிரப்பி அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் நொடியில் 200-இல் ஒரு பங்கு வேகம்கூட எடுபடும், ஏனென்றால் தத்தலுக்கும் தத்தலுக்கும் நடுவில் அது சிலைபோல நிற்கும். மறைக்கும் குச்சி ஒன்றிரண்டைக் கயிற்றால் ஒதுக்கிக் கட்டி, படம் எடுத்ததும் அவிழ்த்துவிடுங்கள். எனக்கு நல்ல படம் ஒன்று கிடைத்தது அப்படித்தான். அதில் முன்னால் ஒரு பலாச்சருகு பாதி வயிற்றை மறைக்கிறது. அந்தச் சருகு இல்லாவிட்டால் அந்தக் குருவியும் அங்கே இருந்திராது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுதல்

செய்யாதீர்கள். போட்டியாளன் வந்துவிட்டான் என்று குருவி சண்டைக்கு அலைந்து, இரை தேட வேண்டிய நேரத்தையும் பலத்தையும் வீணாக்கும்.

மயங்கி விழுந்த பறவையைக் கையில் வைத்துப் படம் எடுத்தல்

ஐப்பசியில் இது நிச்சயம் நடக்கும். இரவில் பறந்து வரும் ஆறுமணிக்குருவி விடியற்காலையில் கண்ணாடி ஜன்னலில் மோதித் திண்ணையில் கிடக்கும். களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. உடனே எல்லோரும் கூடி, உள்ளங்கையில் வைத்து, ஆளுக்கொரு படம் எடுத்து, வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்ச் செத்த குருவியை நான் பார்த்திருக்கிறேன். கையில் அது அமைதியாக இருப்பதைப் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள், பயத்தில் உறைந்திருக்கிறது.

ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு நாலு துளை போடுங்கள். அடியில் துணி விரித்து, குருவியை வைத்து மூடி, பூனை போகாத, சத்தமில்லாத அறையில் வையுங்கள். சோறு, தண்ணீர் எதுவும் வேண்டாம். திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்கும். பெட்டியைக் கொல்லை மூலைக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

மங்கல் குருவியின் படத்தை அழித்துவிடுதல்

புதிதாக வருகிறவர்கள் மீன்கொத்தியை நாற்பது படம் எடுத்து வைத்துக்கொண்டு, செடிக்குள் "டக், டக்" என்று நாக்கைத் தட்டுவதுபோலக் குரல் கொடுக்கும் பழுப்புக் குருவியை அழித்துவிடுகிறார்கள். அது பிளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம். கிழக்கு ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு நம் செம்பருத்திச் செடிக்கு வந்திருக்கும் பறவை அது. கலங்கிய படமானாலும் தேதியோடும் கேட்ட குரலோடும் வைத்துக்கொள்ளுங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையதளத்தில் பதிவேற்றினால் வலசையை ஆராய்கிறவர்களுக்கும் பயன்படும்.

அதேபோல, மஞ்சள் வயிற்றில் கழுத்திலிருந்து நேராக ஒரு கருங்கோடு இறங்கும் தேன்சிட்டைப் பார்த்துப் புது இனம் என்று கொண்டாடாதீர்கள். ஊதாத் தேன்சிட்டின் ஆண்தான், இனப்பெருக்க காலம் முடிந்ததும் பளபளப்பைக் களைந்து நிற்கிறது. சில மாதங்களில் மறுபடி கருநீலமாக மாறும். ஒரே கொல்லையில் அந்த மாற்றத்தை வாராவாரம் படம் எடுப்பது எவ்வளவு நல்ல வேலை! நான் மூன்று வருடமாகச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

குருவிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியை மாற்றாமல் விடுதல்

மழைக்காலம். டெங்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

கேமராவைப் பீரோவில் வைத்தல்

அடைமழை என்று தோல்பையோடு பீரோவில் வைத்தால் தை மாதம் எடுக்கும்போது லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உள்ளிருக்கும் சிலிக்கா மணிகள் நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள். இன்னும் நல்லது, தினமும் வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

தீபாவளி

அன்று படம் எடுக்காதீர்கள், வெடியும் வெடிக்காதீர்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. ஓர் ஊரே செய்வதை ஒரு கொல்லையில் நம்மால் செய்ய முடியும்.

கார்த்திகையோடு முடிந்தது என்று எண்ணுதல்

முடியவில்லை. வந்த தேதியை எல்லோரும் குறிக்கிறார்கள். போன தேதியை யாரும் குறிப்பதில்லை, என் பழைய நோட்டுகளிலும் அது இல்லை. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் ஆறுமணிக்குருவி இங்கேதான் இருக்கும். பங்குனியிலும் மாலையில் சீழ்க்கை கேட்கும். சித்திரை பிறக்கும் வாக்கில் ஓர் அந்தியில் ஆறு மணி ஆகும், ஆறே கால் ஆகும், குரல் வராது. மறுநாளும் வராது. நோட்டை எடுத்து முந்தின நாளின் தேதியை எழுதுங்கள்.