பாதியில் பறிபோன பேனா: ரெஸ்லிங் கதைப் பொறுப்பாளர்களை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

2020 ஆகஸ்ட் 28. அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வாராந்தர ஸ்மாக்டவுன் நிகழ்ச்சி முடியப் போகிற நேரம். நட்சத்திர வீரர் ரோமன் ரெய்ன்ஸ் மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். கேமரா மெல்ல விலகுகிறது. அவருக்குப் பக்கத்தில் பால் ஹேமன்.

அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். எனக்குச் சிலிர்த்தது. சுமார் 11 வாரங்களுக்கு முன்புதான், ஜூன் 11 அன்று, டபிள்யூ.டபிள்யூ.இ. ஹேமனை அதன் இன்னொரு நிகழ்ச்சியான 'ரா'வின் எக்ஸிகியூட்டிவ் டைரக்டர், அதாவது கதைப் பொறுப்பாளர், பதவியிலிருந்து எடுத்திருந்தது. ரா, ஸ்மாக்டவுன் இரண்டின் எழுத்துக் குழுக்களையும் ஒன்றாக்கி புரூஸ் ப்ரிச்சர்டிடம் கொடுத்துவிட்டார்கள். ஹேமன் அந்த நாற்காலியில் இருந்தது ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த ஓராண்டைப் பற்றி ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். "அவரை விட்டிருந்தால் ரா எங்கேயோ போயிருக்கும்" என்று ஒரு கட்சி. "கொடுத்துப் பார்த்தார்கள், ரேட்டிங் விழுந்தது" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். பழைய நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாக மறுபடி பார்த்த பிறகு, இரண்டுமே ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன என்று தோன்றியது.

பதவியின் பெயரைப் பார்த்து ஏமாறுவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். 2019 ஜூன் 27 அன்று இரண்டு நியமனங்கள் ஒன்றாக வந்தன. ராவுக்கு ஹேமன், ஸ்மாக்டவுனுக்கு எரிக் பிஷாஃப். தொண்ணூறுகளில் இ.சி.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பெனியை நடத்திய ஹேமனும், அதே தொண்ணூறுகளில் இன்னொரு போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நைட்ரோ நிகழ்ச்சி மூலம் டபிள்யூ.டபிள்யூ.இ. தலைவராக இருந்த வின்ஸ் மெக்மஹோனின் ராவை ரேட்டிங்கில் 83 வாரம் தொடர்ந்து தோற்கடித்த பிஷாஃபும் இப்போது அதே மெக்மஹோனின் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பொறுப்பு. கேட்கவே கதை மாதிரி இருந்தது. கதையில் மயங்கிய நாம், அறிவிப்பிலேயே இருந்த இன்னொரு வரியைத் தாண்டிப் போய்விட்டோம். இருவரும் நேரடியாக மெக்மஹோனுக்குக் கீழே வேலை செய்வார்கள் என்பதே அந்த வரி.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று புரிய, ரா எப்படித் தயாரானது என்று தெரிய வேண்டும். அப்போது அது திங்கள் இரவு மூன்று மணி நேரம் நேரலையாகப் போன நிகழ்ச்சி. எழுத்துக் குழு வாரம் முழுக்க உட்கார்ந்து யார் யாருடன் மோதுவது, யார் ஜெயிப்பது, யார் மைக் பிடித்து எவ்வளவு நேரம் பேசுவது என்று எழுதும். அந்த ஸ்கிரிப்ட் மெக்மஹோனின் மேசைக்குப் போகும். அவர் ஒப்புக்கொண்டால்தான் அது ஸ்கிரிப்ட். நிகழ்ச்சி நாளன்று மதியம் பாதிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதவைப்பார் என்பது அங்கே வேலை பார்த்த பலரும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த சங்கதி. நேரலையின்போதும் திரைச்சீலைக்குப் பின்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வர்ணனையாளர்களின் காதில் பேசிக்கொண்டிருந்தவர் அவரே.

ஆக, ஹேமனின் வேலை ஒரு யோசனையை மெக்மஹோன் "சரி" என்று சொல்லும்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. அடுத்த வாரமும் அவர் "சரி" என்று சொல்ல வேண்டும், அதற்கடுத்த வாரமும். ஒரு புதுமுகத்தை மக்கள் மனதில் ஏற்ற ஆறு மாதமாவது ஆகும். ஆறு மாதம் என்றால் 26 "சரி". நடுவில் ஒன்று தப்பினாலும் அந்த வீரர் மூன்று நிமிடத்தில் தோற்றுப்போவார், மறுவாரம் அவரை யாரும் நம்ப மாட்டார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் "ஹேமனின் ரா" என்று பேச ஆரம்பித்தால், பாராட்டினாலும் திட்டினாலும் தவறான ஆளைத்தான் பிடித்திருப்போம்.

தேதி பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது

நியமன அறிவிப்பு வந்த நான்காம் நாள், ஜூலை 1. பிரான் ஸ்ட்ரோமன் பாபி லாஷ்லியைத் தூக்கிக்கொண்டு மேடையின் எல்.இ.டி. சுவரோடு மோதினார். தீப்பொறி பறந்தது, வர்ணனையாளர் நேரலையில் கெட்ட வார்த்தையே விட்டுவிட்டார். "பார்த்தீர்களா, ஹேமன் வந்துவிட்டார்" என்று எல்லோரும் குதித்தோம். நாலு நாளில் ஒருவர் ஒரு நிகழ்ச்சியை மாற்றிவிட முடியுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காட்சியில் அவருக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் நம் குதிப்புக்குக் காரணம் ஆதாரம் அல்ல, ஆசை.

பிஷாஃபுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். ஸ்மாக்டவுன் 2019 அக்டோபர் 4 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்கு மாறியது. ஐந்தாண்டுக்கு 100 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் என்று பேசப்பட்டது. முதல் இரவின் முக்கியப் போட்டியில் பிராக் லெஸ்னர், சாம்பியன் கோஃபி கிங்ஸ்டனைப் பத்து விநாடிக்குள் வீழ்த்தினார். பதினோரு ஆண்டுக்கும் மேலாக உழைத்து, அந்த ஆண்டு ஏப்ரல் 7 அன்று, கம்பெனியின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், சாம்பியன் பெல்ட்டைத் தொட்ட கோஃபி அது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது, பலர் பிஷாஃபைப் பிடித்தார்கள்.

நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். அக்டோபர் 15 அன்று பிஷாஃபை நீக்கி ப்ரிச்சர்டை அமர்த்தினார்கள். நியமனத்திலிருந்து 110 நாள். ஃபாக்ஸுக்கு மாறிய பின் அவர் பொறுப்பில் ஒளிபரப்பான ஸ்மாக்டவுன் இரண்டே இரண்டு. இவ்வளவு பெரிய ஒப்பந்தத்தின் முதல் இரவில் யார் பெல்ட்டோடு நிற்பது என்பதை மூன்று மாதம் முன் வந்த ஒருவர் தனியாக முடிவு செய்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், "அவருக்கு வாய்ப்பே தரவில்லை, தந்திருந்தால் சாதித்திருப்பார்" என்பதும் வெறும் ஊகம். 110 நாளை வைத்து அவர் நல்ல கதைப் பொறுப்பாளரா இல்லையா என்று எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. எழுதாமல் விடுவதே நியாயம்.

பிடித்ததை ஒருவர் கணக்கிலும், பிடிக்காததை இன்னொருவர் கணக்கிலும் எழுதுவது

ஹேமனின் ரசிகர்களான நாம் அதிகம் செய்கிற தவறு இது, சற்றுக் கசப்பாகவே சொல்கிறேன். அந்த ஓராண்டில் ராவில் நடந்தவற்றை வரிசையாக வையுங்கள். 2020 ஜனவரி 26, ஹூஸ்டன், ராயல் ரம்பிள்: ஒருவர் பின் ஒருவராக 30 பேர் நுழைந்து, கயிற்றுக்கு மேலே வீசி வெளியேற்றி, கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிக்கும் போட்டி. முதல் ஆளாக நுழைந்த லெஸ்னர் வரிசையாக 13 பேரை வெளியே வீசுகிறார். பதினாறாவதாக வந்த ட்ரூ மெக்இன்டயர் ஒரே உதையில் அவரை வெளியேற்றுகிறார். ஒரு வீரரை ஒரே இரவில் நட்சத்திரமாக்குவது எப்படி என்று பாடம் எடுக்க அந்த அரை மணி நேரம் போதும். அன்றிரவு ரம்பிளை ஜெயித்ததும் மெக்இன்டயரே.

அதே ராவில், சில மாதம் முன்பு தொடங்கி, லானா தன் கணவர் ரூசெவை விட்டு லாஷ்லியோடு போகிற கதையும் ஓடியது. டிசம்பர் 30 அன்று ரிங்குக்குள் கல்யாணக் காட்சிவரை அதை இழுத்தார்கள். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ரம்பிள் ஹேமனின் மூளை, கல்யாணம் மெக்மஹோனின் பிடிவாதம் என்று நாமாகப் பங்கு பிரித்துக்கொண்டோம். எதை வைத்து? இரண்டும் ஒரே குழு எழுதியவை, ஒரே மேசையில் ஒப்புதல் பெற்றவை. பெருமையில் பங்கு கேட்டால் பழியிலும் பங்கு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டிலும் "குழு" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும்.

ஹேமனின் கையெழுத்தைத் தேடத்தான் வேண்டும் என்றால் ஒரு காட்சியில் தேடாதீர்கள். பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். 2002இல் ஸ்மாக்டவுனின் தலைமை எழுத்தாளராக இருந்தபோது கர்ட் ஆங்கிள், எட்ஜ், ரே மிஸ்டீரியோ, எடி கெரேரோ உள்ளிட்ட ஆறு பேரை ஒருவரோடு ஒருவர் மாற்றி மாற்றி மோதவிட்டார். 2019–20இல் அலிஸ்டர் பிளாக், ஆண்ட்ராடே, பட்டி மர்ஃபி, ரிக்கோஷே ஆகியோருக்கு வாராவாரம் நேரம் கிடைத்தது. நடுத்தர உயரமுள்ள, ரிங்கில் அசாத்தியத் திறமையுள்ள ஆட்களுக்குத் தொடர்ந்து நேரம் ஒதுக்குவது இரண்டு காலத்திலும் தெரிகிறது. பொறுப்பு போன பிறகு நடந்தது இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஆண்ட்ராடே 2021 மார்ச்சில் வெளியே. பிளாக்கும் மர்ஃபியும் அதே ஆண்டு ஜூன் 2 அன்று ஒன்றாக வெளியே. கம்பெனி செலவைக் குறைத்த காலம் அது, எல்லாவற்றையும் ஹேமன் போனதோடு முடிச்சுப் போட முடியாதுதான். ஆனாலும் ஒருவர் தூக்கிவிட்டவர்கள் அவர் போனபின் எங்கே நின்றார்கள் என்பது, எந்தப் பதவிப் பெயரைவிடவும் அதிகம் பேசுகிறது.

வெளியே நடந்ததை மறப்பது

ரேட்டிங் விழுந்தது என்பவர்களுக்கு. ஆமாம், 2020 ஏப்ரல் நடுவிலிருந்து அமெரிக்காவில் ராவின் பார்வையாளர் எண்ணிக்கை 20 லட்சத்துக்குக் கீழே போனது. அப்போது நிகழ்ச்சி எங்கே நடந்தது? கொரோனா காரணமாக, ஆர்லாண்டோவில் உள்ள பயிற்சிக் கூடத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால். கூட்டத்தின் சத்தம் இல்லாத ரெஸ்லிங் எப்படியிருக்கும் என்று அந்த மாதங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விழுகிற அடியின் எதிரொலிகூடத் தனியாகக் கேட்டது. ஏப்ரல் 15 அன்று பலரை வேலையை விட்டு அனுப்பினார்கள், ரூசெவும் அதில் ஒருவர். மே 11 அன்று ராவின் மிகப் பெரிய நட்சத்திரமான பெக்கி லிஞ்ச் தாயாகப் போவதாகச் சொல்லி, பெல்ட்டை அசுகாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் நடுவில் எந்த எழுத்தாளரை உட்காரவைத்திருந்தாலும் எண்ணிக்கை ஏறியிருக்குமா?

2006இல் ஹேமனுக்கு இதே மாதிரி ஒருமுறை நடந்தது. டபிள்யூ.டபிள்யூ.இ. மறுபடி தொடங்கி ஹேமனிடம் கொடுத்த இ.சி.டபிள்யூ. ஜூன் 13 அன்று சை-ஃபை சேனலில் வந்தது. மூன்றே வாரத்தில் அதன் பெல்ட்டோடு டபிள்யூ.டபிள்யூ.இ. பெல்ட்டையும் வைத்திருந்த ராப் வான் டாம் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதாகி, அடுத்தடுத்த நாளில் இரண்டு பெல்ட்டையும் இழந்தார். டிசம்பர் 3 அன்று அகஸ்டாவில் நடந்த நிகழ்ச்சியில், கூட்டம் பெயர் சொல்லிக் கத்திய சி.எம். பங்க்கை, எலிமினேஷன் சேம்பர் என்ற கூண்டுப் போட்டியில் முதல் ஆளாக வெளியேற்றினார்கள். மறுநாள் ஹேமனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் மறுபடி டபிள்யூ.டபிள்யூ.இ. திரையில் வந்தது 2012 மே மாதம், லெஸ்னரின் பேச்சாளராக. ஐந்தரை ஆண்டு.

டபிள்யூ.டபிள்யூ.இ.யில் எழுத்தாளராக இருந்த வின்ஸ் ருஸோ விஷயத்தில் இந்த மறதி உச்சத்துக்குப் போகிறது. 1999 அக்டோபரில் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போனார், 2000 ஜனவரியில் ஓரங்கட்டப்பட்டார், ஏப்ரலில் பிஷாஃபோடு சேர்த்துத் திரும்ப அழைக்கப்பட்டார். நடிகர் டேவிட் ஆர்க்கெட்டை உலக சாம்பியனாக்கிய ஏப்ரல் அது. மன்னிக்க முடியாத முடிவுதான். ஆனால் "ருஸோ டபிள்யூ.சி.டபிள்யூ.வைக் கொன்றார்" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள், 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வை ஒளிபரப்பிவந்த டர்னர் சேனல்கள் ரெஸ்லிங்கே வேண்டாம் என்று நிகழ்ச்சிகளை நிறுத்தியதையும், ஒளிபரப்ப இடமில்லாததால் பிஷாஃபின் குழு வாங்க வந்த பேரமே முறிந்ததையும் சொல்வதில்லை.

போனவர் சொல்வதையே வேதமாக எடுப்பது

இது சுருக்கமாகப் போதும். பிஷாஃபுக்கும் பாட்காஸ்ட் உண்டு, அவர் இடத்துக்கு வந்த ப்ரிச்சர்டுக்கும் பாட்காஸ்ட் உண்டு. இரண்டையும் தொடங்கி நடத்திய தொகுப்பாளர் ஒரே ஆள், கான்ராட் தாம்சன். பேசுகிற இருவருமே வாழ்நாள் முழுக்கக் கதை சொல்லிச் சம்பாதித்தவர்கள். கேளுங்கள், ரசியுங்கள், நானும் மணிக்கணக்கில் கேட்கிறேன். ஆனால் அவர்கள் சொல்கிற தேதியை ஒளிபரப்பான நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள். ரெய்ன்ஸின் கதை முழுவதும் ஹேமன் எழுதியது என்று சொல்வோருக்கும் இதுதான் பதில். அங்கே அவர் நடித்தார், யோசனை சொன்னார். எழுத்துப் பொறுப்பு அவரிடம் இல்லை.

எனக்கு இன்னமும் வருத்தம் தருவது மெக்இன்டயர் விஷயம். ரம்பிளில் அவ்வளவு அழகாகக் கட்டிய கதையின் முடிவு, ரெஸில்மேனியாவில், டாம்பா மைதானத்தின் பெருங்கூட்டத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது. 2020 ஏப்ரல் 5 அன்று ஒளிபரப்பானபோது அந்தக் கூடத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. லெஸ்னரை வீழ்த்திவிட்டு, பெல்ட்டோடு, கேமரா லென்ஸை நோக்கிக் கையை நீட்டி அவர் நன்றி சொன்னார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு.

நான்காண்டு கழித்து, 2024 ஏப்ரல் 7, பிலடெல்ஃபியா. ஹேமனின் பழைய இ.சி.டபிள்யூ. வளர்ந்த ஊர். இரண்டு நாள் முன்புதான் அதே ஊரில் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருந்தார்கள். அன்றிரவு முதல் போட்டியில் மெக்இன்டயர் சேத் ராலின்ஸை வென்று, ஒருவழியாக ஒரு ரெஸில்மேனியா கூட்டத்துக்கு முன்னால் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்தார். சில நிமிடங்களிலேயே டேமியன் பிரீஸ்ட் வந்து அதைப் பறித்துக்கொண்டார். கடைசிப் போட்டியில் சாம்பியனாக ரெய்ன்ஸின் 1,316 நாள் ஆட்சி முடிந்தது. ரிங் ஓரத்தில் ஹேமன் நின்றிருந்தார்.